அவர் வாயால் கேள்

ஜூன் 17, செவ்வாய்

மீனாம்பாள் மாமி இன்று ஒரு முழு வாழைக்காயை இடது கையாலேயே நறுக்கிவிட்டார். ஆணிப் பலகையில் குத்தி நிறுத்தி, தோல் சீவி, எல்லாம் ஒரே அளவுத் துண்டுகள். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுபோன பெண்மணிக்கு இது சின்ன விஷயமா? நான் குதிக்காத குறை.

வீட்டில்? ஒன்றும் கிடையாது. அடுக்களைப் பக்கமே போவதில்லையாம். இங்கே தில்லைநகர் தெரபி சென்டரில் என் முன்னால் வாழைக்காய், அங்கே ஸ்ரீரங்கத்தில் கேரியர் சாப்பாடு.

புனேயில் இருக்கும் மகன் ஹரிபிரசாத் கெடு வைத்திருக்கிறான். விநாயகர் சதுர்த்திக்கு வருவானாம். அதற்குள் அம்மா சமையலைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தால் இரண்டு பேரும் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அம்மாமண்டபம் ரோட்டு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர்களைப் புனேக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். மாமியின் கணவர் சுப்புராமன் சார் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெந்நீர் வைப்பார், அத்தோடு சரி.

முதல் வாரத்தில் மாமி முழுசாகச் சொல்லி முடித்தது ஒரே ஒரு வாக்கியம். "நான் இந்த ஊரை விட்டு வர மாட்டேன்." பேச்சு கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. அவர் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் சார் மீதியைச் சொல்லி முடித்துவிடுகிறார்.

என் மேஜைக்கு மேலே நானே எழுதி ஒட்டிய அட்டை இருக்கிறது. ஒருவருக்கான சிகிச்சையை எந்த வரிசையில் கொண்டுபோக வேண்டும் என்று கல்லூரியில் படித்த படிகள். முதல் படி: எதைச் செய்ய முடியவில்லை, எதைச் செய்ய ஆசை, அவர் வாயால் கேள். அதற்கப்புறம்தான் சோதனை, திட்டம், பயிற்சி, கடைசியில் எல்லாம் நடந்ததா என்று திரும்பிப் பார்ப்பது. எங்கள் சென்டர் தலைவர் ஆஸ்டின் சார் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு ஃபெமினா, லேமினேட் பண்ணிடலாம்" என்றார். பண்ணியும் கொடுத்தார். படிக்கத்தான் இல்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றைக்கும் ஒருவர் வந்து, "பிசியோ மேடம் நீங்கதானே?" என்று கேட்டார். இல்லை, ஆக்குபேஷனல் தெரபி. "அப்படின்னா?" கை கால் அசைவது மட்டும் இல்லைங்க, அந்தக் கை காலை வைத்து நீங்க உங்க வாழ்க்கையில என்ன செய்யணுமோ அதைச் செய்ய வைக்கிறது. "ஓ, பிசியோதான்."

போங்கப்பா.

ஜூன் 24, செவ்வாய்

மாமியிடம் நேராகக் கேட்டேன். வீட்டில் ஏன் செய்வதில்லை?

"அது வந்து..." என்று மாமி ஆரம்பித்தார்.

"அடுக்களை மேடை உயரம் மேடம்" என்றார் சார்.

சரி. மேடை உயரம் என்றால் கீழே ஒரு மேஜை போட்டுக்கொள்ளலாம், உட்கார்ந்து செய்யலாம். கத்தி வழுக்காமல் இருக்கப் பிடிக்கு ரப்பர் சுற்றலாம். சார் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அந்த மனிதரைக் குறை சொல்லவே முடியாது. சொன்னால் சொன்னபடி செய்வார். அடுத்த தடவை வருவதற்குள் மேஜை தயாராகிவிடும், கத்தி தயாராகிவிடும், ஆணிப் பலகை இரண்டு இருக்கும், ஒன்று ஸ்பேர்.

மாமி தயாரா என்றுதான் தெரியவில்லை. இடது கையால் சமைப்பது அவர்கள் வழக்கத்தில் ஆகாதோ? அதுவும் கேட்டேன். மாமி லேசாகச் சிரித்தார். சார் சொன்னார், "அதெல்லாம் ஒண்ணும் பிரச்னையில்லை மேடம். முடியாதப்போ என்ன பண்றது? பகவானுக்குத் தெரியாதா?"

அப்போ வேற என்னதான்யா?

ஜூலை 1, செவ்வாய்

ஆஸ்டின் சார் மாமி வாழைக்காய் நறுக்குவதை வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, சென்டரின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். 'இடது கையால் இல்லத்தரசியின் வெற்றி.' ஐயோ. மாமியிடம் கேட்டீங்களா சார் என்றேன். "சுப்புராமன் சார்கிட்ட கேட்டேனே. சந்தோஷமா சரின்னாரே."

அவரிடம் கேட்டால் போதுமா? கை யாருடையது?

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 4, வெள்ளி

ஹரிபிரசாத் போன். வீடியோவைப் பார்த்துவிட்டான். "மேடம், அங்க இவ்ளோ அழகா பண்றாங்க. வீட்டுல மட்டும் ஏன் ஒக்காந்துக்கிட்டே இருக்காங்க? மனசு வைக்க மாட்டேங்கிறாங்களா?"

மாமியின் வெற்றியே மாமிக்கு எதிராகத் திரும்பிவிட்டது. முடியாதவர் என்ற அனுதாபமும் போயிற்று. இப்போது அவர் செய்யத் தெரிந்தும் செய்யாதவர்.

அவனுக்கு என்ன பதில் சொல்வது? எனக்கும் அதே சந்தேகம்தானே.

ஜூலை 8, செவ்வாய்

மாமி வந்தார். புடலங்காய் நறுக்கினார். போனார்.

ஜூலை 12, சனி

இன்று நான் நடந்துகொண்ட விதத்தை எழுதவே பிடிக்கவில்லை.

வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. பக்கத்தில் புதுப் பாலம் வேலை, இந்தப் பக்கம் லாரி, வெயில் வேறு. போய்ச் சேரும்போதே எனக்குப் பாதி உயிர் இல்லை.

அடுக்களையைப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்ததற்கு மேலேயே செய்திருந்தார் சார். தாழ்ந்த மேஜை, கைப்பிடி வைத்த நாற்காலி, டப்பாக்கள் எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி. மாமி வாசற்படிக்கு இந்தப் பக்கம், கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கால் வைக்க மாட்டேன் என்கிறார்.

"வாங்க மாமி, ஒரு ரசம் வைக்கலாம். நான் கூடவே இருக்கேன்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா."

"ஏன் நாளைக்கு?"

சார் இடையில் வந்து, "அவளுக்கு இன்னிக்கு அசதி மேடம்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஊரை விட்டு வர மாட்டேன்னு சொன்னது நீங்கதானே? இப்படியே ஒக்காந்திருந்தா போகத்தான் வேண்டியிருக்கும். எனக்கென்ன, போங்க!" என்று சொல்லிவிட்டேன். நோயாளியிடம். அவர் வீட்டிலேயே நின்றுகொண்டு.

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். சார்தான், "பரவால்ல மேடம், வெயில்ல வந்திருக்கேள், மோர் சாப்பிடுங்கோ" என்று டம்ளரை நீட்டினார். குடித்தேன். வெட்கமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது என் வீட்டுக்காரர் பிரிட்டோவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமி ஒத்துழைப்பதில்லை, மகன் நெருக்குகிறான், ஆஸ்டின் சார் ரீல் போடுகிறார், நான் ஒருத்தி என்னதான் செய்வேன், ஒருவேளை மனச்சோர்வாக இருக்குமோ, ஆமாம் அப்படித்தான் இருக்கும், அடுத்த வாரம் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டியதுதான்...

பிரிட்டோ வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார், "நீ கேள்வியும் கேப்பே, பதிலும் நீயே சொல்லிடுவே. எதிர்ல இருக்கிறவனுக்கு வேலையே இல்லை."

காட்டூரில் வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அவர்கள் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்றும் வரவில்லை. போன் செய்தால், "அவளுக்குக் கொஞ்சம் முடியலை" என்கிறார் சார். என்னால்தான். எனக்குத் தெரியாதா? ஆஸ்டின் சாரோ, "டிஸ்சார்ஜ் போட்டுடலாம், ஸ்கோர் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். ஸ்கோராம்! எந்த வேலையை எவ்வளவு செய்கிறார் என்று நாங்கள் தாளில் போடும் மார்க்.

ஜூலை 22, செவ்வாய்

வந்தார்கள். மாதாவே, உமக்கு நன்றி.

நான் முதலில் செய்த காரியம், சாரை வெளியே அனுப்பியது. பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வேண்டும் என்றேன். ஜெராக்ஸ் என்றால் அவருக்கு உற்சாகம். கிளம்பிவிட்டார்.

கதவைச் சாத்தினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். மாமி இடது கையை ஆட்டி, அதை விடு என்பது போலக் காட்டினார். அப்புறம் கேட்டேன், "மாமி, சமையலை விடுங்க. பையன் சொன்னது, சார் சொன்னது, நான் சொன்னது எல்லாத்தையும் விடுங்க. உங்களுக்கு எது வேணும்?"

பதில் சீக்கிரம் வரவில்லை. இரண்டு தடவை என் வாய் தானாகத் திறந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவர் பேசுவதற்குக் காத்திருப்பதைவிடக் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் இல்லை.

"குளிக்கணும்" என்றார் மாமி.

எனக்குப் புரியவில்லை. "தினமும் குளிக்கிறீங்களே மாமி."

"அவர் குளிப்பாட்டறார்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் குளிக்கலை."

பிறகு மெதுவாக, விட்டு விட்டு, எல்லாம் வந்தது. காலையில் குளித்து, தானே உலர்த்தி வைத்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, யாரும் மேலே படாமல் அடுக்களைக்குள் போவதுதான் அவருடைய மடி. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இப்போது கதவு திறந்தே கிடக்கிறது. கணவர் ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, நைட்டி மாட்டிவிடுகிறார். "குழந்தைக்கு விடற மாதிரி விடறார்மா. பாவம், நன்னாத்தான் பாத்துக்கறார். ஆனா எனக்கு அது குளிச்ச மாதிரியே இல்லை. குளிக்காம எப்படிம்மா அடுக்களைக்குள்ள போவேன்? எனக்குக் கதவைச் சாத்திண்டு, நானா ரெண்டு சொம்பு விட்டுக்கணும். அவ்ளோதான்."

இதைப் புருஷனை வைத்துக்கொண்டு என்னிடம் எப்படிச் சொல்வார்? பிள்ளை போனில் கேட்டால் எப்படிச் சொல்வார்?

முதல் நாள் நானும்தான் கேட்டேன். "குளியல் எப்படி?" என்று. "அதுல பிரச்னையே இல்லை மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார் சார். நானும் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தலைக்கு மேலே அட்டை தொங்குகிறது. அதுவும் லேமினேட் பண்ணி. அடியே ஃபெமினா, ஆஸ்டின் சாரைச் சொன்னியே!

ஜூலை 26, சனி

மறுபடியும் ஸ்ரீரங்கம். நேராகக் குளியலறைக்குப் போனேன். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள், மெழுகு வைத்து அடைத்திருக்கிறது.

"யார் சார் இதைக் கழட்டினது?" சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன்.

"நான்தான் மேடம். நீங்க சொன்னதுதான்" என்று பெருமையாகச் சொன்னார். முதல் நாள் எல்லோருக்கும் கொடுக்கும் பாதுகாப்புக் குறிப்பு. வழுக்காத செருப்பு, இரவு விளக்கு, 'குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம்'. நான் எழுதியது. எல்லோரும் அதை மடித்துப் பைக்குள் போட்டு மறந்துவிடுவார்கள். இவர் ஒருவர்தான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்தவர்.

தாழ்ப்பாளைத் திரும்பப் போட வேண்டும், ஆபத்தென்றால் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்று இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"முடியாது மேடம்."

"சார், மாமிக்கு..."

"பக்கவாதம் வந்த அன்னிக்கு அவ உள்ளே தாழ்ப்பாள் போட்டுண்டுதான் விழுந்தா." கதவில் கை வைத்துக்கொண்டார். "சத்தம் கேட்டுது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கத்து ஃபிளாட்காரர் வந்து ரெண்டு பேருமா இடிச்சுத்தான் திறந்தோம். இந்தக் கதவே புதுசு. நீங்க சொல்லலைன்னாலும் நான் கழட்டியிருப்பேன்."

என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் பயத்தைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாமி நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். திடீரென்று எழுந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூலையில் இருந்த மூங்கில் கோலை இடது கையில் எடுத்தார். உயரக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையைக் கோலால் நெம்பித் தூக்கி, ஒரு சுழற்று சுழற்றி, கீழே விழாமல் தோளில் வாங்கிக்கொண்டார். நிலை தடுமாறவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வாரம் கைப் பயிற்சி என்று நான் அவரைப் பிளாஸ்டிக் கூம்பு அடுக்க விட்டுக்கொண்டிருந்தேன், கூம்பு!

"பாத்தேளா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார் மாமி. சார் பார்த்தார். ஆனாலும் முடியாது என்றுதான் தலையை ஆட்டினார்.

ஜூலை 29, செவ்வாய்

ஆஸ்டின் சாரோடு சண்டை. குளியல் பயிற்சி என்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும், ஸ்கோரில் வராது, "விழுந்துட்டா யாரும்மா பொறுப்பு?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான், அதுதான் கடுப்பு. "குடும்பம் சமையல்னு சொன்னாங்க, சமையல் பண்ண வச்சாச்சு. முடிஞ்சுது."

"சார், அவங்க சமைக்காததுக்குக் காரணமே இதுதான்."

"அப்போ குளிச்சா சமைச்சிடுவாங்களா? கேரண்டி குடு."

கேரண்டியாம். பிரஷர் குக்கரா விற்கிறேன்?

சனிக்கிழமைகளில் உன் சொந்த நேரத்தில் போய்க்கொள் என்று கடைசியில் விட்டுவிட்டார். ஆனால் சுப்புராமன் சார் ஒத்துக்கொள்ளாமல் நான் போய் யாருக்கு என்ன செய்ய?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டி வண்டியே போகாது என்றார்கள், வீட்டிலேயே இருந்தேன்.

மத்தியானம் சுப்புராமன் சார் போன். ஆள் அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"மேடம், காலைலேர்ந்து அவளை பால்கனியில ஒக்கார வெச்சிருந்தேன். அம்மாமண்டபத்துல முழுகிட்டு ஈரப் புடவையோட எல்லாரும் போயிண்டிருக்கா. அவ பாத்துண்டே இருந்தா. அப்புறம் பேச ஆரம்பிச்சா. ரொம்ப நேரம் ஆச்சு மேடம், ஆனா நான் நடுவுல ஒண்ணும் சொல்லலை."

"என்ன சொன்னாங்க சார்?"

அவர் சொல்லவில்லை. அது அவர்கள் இருவருக்குள். "ஆபத்துன்னா வெளியிலேர்ந்தும் திறக்கற மாதிரி தாழ்ப்பாள் இருக்குன்னேளே, அது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

நான் போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்று ஒரு பாட்டம் அழுதேன். பிரிட்டோ என்ன ஆச்சு என்று கேட்டார். பதிலை அவரே சொல்லிக்கொள்ளாமல் காத்திருந்தார். இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி வருகிறது?

ஆகஸ்ட் 7, வியாழன்

பெரிய கடைவீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் பரக்கத் அலி பாய் ஹார்டுவேர் கடை. உள்ளே குமிழைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், வெளியே ஒரு பிளவு, அதில் காசை வைத்துத் திருப்பினால் திறக்கும்.

"உள்ளயும் பூட்டணும், வெளியயும் தொறக்கணும்னா அது எதுக்கும்மா பூட்டு?" என்றார் பாய்.

"உள்ளே இருக்கிறவங்களுக்கு நிம்மதி பாய், வெளியே நிக்கிறவங்களுக்கும் நிம்மதி."

"அப்படின்னா நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வேணும்" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சென்டரில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மாமியோடு குளியல் ஒத்திகை. தண்ணீர் இல்லாமல்தான். சுவரில் கைப்பிடி, கால் வழுக்காத ஸ்டூல், சோப்பை வலைப்பைக்குள் போட்டுக் கழுத்து உயரத்தில் தொங்கவிடுவது, வாளி இடது பக்கம். எல்லாம் சரி.

புடவைதான் தகராறு. ஒற்றைக் கையால் கொசுவம் எடுக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். "பல்லால கடிச்சுக்கோங்க மாமி" என்று சொன்னேன். ஏதோ நான் புடவையைச் சாக்கடையில் முக்கிக் கொடுத்த மாதிரி மாமி பின்னுக்குப் போனார். "எச்சில்மா! எச்சில் பண்ணின புடவையோட அடுக்களைக்குப் போறதா? நன்னா சொன்னே போ!"

கொசுவம் தைத்தே வரும் ரெடிமேட் புடவை? அதுவும் ஆகாதாம். சரி, உங்கள் புடவை, நீங்களே சொல்லுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் பீரோ கதவைத் திறந்தார். புடவை முனையை இடுக்கில் கொடுத்துக் கதவைச் சாத்தினார். பீரோ பிடித்துக்கொண்டது. இவர் அந்தப் பக்கம் நின்று, இடது கையால் மடிப்பு மடிப்பாக எடுத்துவிட்டார். கொஞ்சம் கோணல். அதனால் என்ன?

ஆகஸ்ட் 16, சனி

நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள் பூசையில் வேறு எதையும் கேட்கவில்லை. இன்று அந்த அம்மா விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமி உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் திரும்பும் சத்தம் கேட்டது. சார் வெளியே நிற்கிறார், கையில் ஐந்து ரூபாய்க் காசு. பக்கத்தில் நான், என் கையிலும் ஒரு காசு. இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி.

ஒப்பந்தம் இதுதான்: மாமி பேசிக்கொண்டே குளிக்க வேண்டும். குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே இருந்து ஆரம்பித்தார் பாருங்கள்! கேரியர்காரன் சாம்பாரில் வெல்லம் போடுகிறான் என்பதிலிருந்து, ஹரிபிரசாத் கல்யாணத்தில் சாரின் அக்கா செய்த அழிச்சாட்டியம் வரைக்கும். பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. தண்ணீர் விழும் சத்தம். ஒரு சொம்பு. இன்னொன்று.

திடீரென்று அமைதி.

சார் காசைப் பிளவில் வைத்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்னா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்கேயே நிக்கறேளா? போய் ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியை ஊற வைங்கோ."

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் போய்ப் புளியை ஊற வைத்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எல்லாம் கெட்டுப்போயிற்று. நேற்று மாமி வாய் கொப்பளிக்கப் பேச்சை நிறுத்தியிருக்கிறார். சார் பயந்துபோய்க் காசைப் போட்டுத் திறந்துவிட்டார். மாமி ஒரு சொம்புத் தண்ணீரை அவர் முகத்திலேயே அடித்துவிட்டாராம். "சட்டை பனியன் எல்லாம் நனைஞ்சுடுத்து மேடம்" என்கிறார் சார், ஏதோ நான் வந்து துடைத்துவிட வேண்டும் என்பது போல. மாமி நேற்றிலிருந்து அவரோடு பேசவில்லை. அடுக்களைக்குள்ளும் போகவில்லை. சதுர்த்திக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

மாமியிடம் தனியாகக் கேட்டேன். "இனிமே அந்தக் காசு என்கிட்டதான் இருக்கும்னு சொல்லிட்டேன்" என்றார். உள்ளே எடுத்துக்கொண்டு போனால் வெளியே இருந்து எப்படித் திறப்பது மாமி? "வேற காசா இல்லை இந்த ஊர்ல? அவசரம்னா தேடட்டும். தேடற நேரத்துல நான் கொப்பளிச்சு முடிச்சுடுவேன்."

இதில் பாதுகாப்பு இருக்கிறதா? கொஞ்சம் குறைவுதான். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட மாட்டேன். ஆனால் அவர் உடம்பு, அவர் கதவு, யோசித்துத்தான் சொல்கிறார். சாரிடம் நானே பேசினேன். கேட்டுக்கொண்டார், ஆனால் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் பேனா முதல் தடவையாகப் பாக்கெட்டிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று ராத்திரி ஹரிபிரசாத் வருகிறான். வரும்போதே திரும்பிப் போக மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறானாம். என்ன நம்பிக்கை பார்!

ஆஸ்டின் சார் ஸ்கோர் தாளைப் பார்த்துவிட்டு, "ஜூன்ல இருந்த அதே நம்பர்தானே நிக்குது?" என்றார். ஆமாம் சார், அதே நம்பர்தான். குளிப்பதற்கு அந்தத் தாளில் கட்டம் சின்னது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. லீவு. காட்டூர் வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள், காவி உடை, தலையில் மூட்டை. வாசலில் நின்று எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தோம். நடுநடுவே போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அழைக்கக் கூடாது. அவர்கள் வீட்டு விஷயம். அழைத்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று மாமியின் முறை. வரவில்லை. சொல்லவும் இல்லை. போய்விட்டார்களா? ஒரு வார்த்தை சொல்லாமலா? நாற்காலியையும் ஆணிப் பலகையையும் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல். பூவரசன் என்று ஒரு புது நோயாளி. அவர் மனைவிதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் சென்டருக்குக் கிளம்பும் முன் மறுபடியும் அழைத்தேன். இந்தத் தடவை சார் எடுத்தார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம், சைக்கிள் மணி.

"சார், ஸ்டேஷன்லயா இருக்கீங்க?"

"இல்லையே மேடம். பால் வாங்கக் கீழே வந்தேன். சதுர்த்தி சமையல் அவளேதான், அந்த அமளியில உங்க போனையே எடுக்கலை. ஹரி நேத்தே கிளம்பிட்டான். ரெண்டு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டா அவ. அவனும் பண்ணிட்டான். கொஞ்சம் கோவம்தான் அவனுக்கு."

"மாமிகிட்ட குடுங்க சார், ஒரு நிமிஷம்."

"அவ குளிச்சிண்டிருக்கா. வந்தப்புறம் பேசச் சொல்றேன்."

பாலுக்கு வரிசை நீளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.